வெறுங்கண்ணா, பைனாகுலரா, தொலைநோக்கியா? செட்டிநாட்டு வீட்டிலிருந்து வானம் பார்க்க

காரைக்குடியில் இருக்கும் என் தங்கை, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குத் தொலைநோக்கி வாங்கித் தரலாமா என்று கேட்டாள். இருபதாயிரம் ரூபாய் வரை செலவழிக்கத் தயாராக இருக்கிறாள். இணையத்தில் பார்த்த ஒரு பெட்டியின் மேல் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதாம். அந்த எண்ணுக்குப் பிறகு வருகிறேன். நான் அவளிடம் முதலில் கேட்டது வேறு: உன் வீட்டு மாடியில் நின்றால் தெற்கே என்ன தெரிகிறது? அவள் இன்னும் ஏறிப் பார்த்துச் சொல்லவில்லை. அதற்குள் அவளைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

தெற்கைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. செட்டிநாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து பாகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் எந்த ஊரிலும் அந்த ஊரின் அட்சரேகை அளவுக்குத்தான் உயர்ந்து நிற்கும். ஆகவே நமக்கு அது வடக்கே வெறும் பத்து பாகையில், கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டி உயரத்தில், பக்கத்து வீட்டு மதிலுக்கோ புளியமரத்துக்கோ பின்னால் ஒளிந்திருக்கும். அதற்கு ஈடாகத் தெற்கே கிடைப்பது கொஞ்சநஞ்சமில்லை. அகத்தியர் நட்சத்திரம் 27 பாகை உயரம் வரை ஏறுகிறது. டெல்லியில் முழுதாக எழும்பாத தெற்குச் சிலுவை இங்கே இருபது பாகையில் நிமிர்ந்து நிற்கிறது. ஓரியனின் இடுப்புப் பட்டை கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே போகிறது. வெளிநாட்டில் அச்சாகும் வான வழிகாட்டிகள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது பாகையில் வசிப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. கருவிகளும் அவர்கள் வானத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவையே. நம் ஊருக்கு எது சரிப்படும் என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இடத்திலேயே மூன்று வாய்ப்புகள்: வளவு என்னும் நடுமுற்றம், மொட்டை மாடி, ஊருணிக் கரை.

வளவைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நான்கு பக்கமும் ஓட்டுச் சரிவு, நடுவில் நீள்சதுரமாக ஒரு துண்டு வானம், அதற்கும் மேல் திருட்டுக்கும் குரங்குக்கும் பயந்து போட்ட கம்பி. அடிவானம் அறவே தெரியாது. ஆனால் தெருவிளக்கும் கண்ணில் படாது. அது பெரிய லாபம். மேலும் நம் அட்சரேகையில் உச்சியை ஒட்டிப் போகிற நட்சத்திரங்கள் ரோகிணி, திருவாதிரை, மகம், திருவோணம் என்று பெரிய இடத்துப் பிள்ளைகள். எல்லாமே உச்சிக்குப் பத்து பாகைக்குள் வந்து போகின்றன. வளவில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தை ஒரு கம்பிக்கு நேராக நிறுத்தித் தலையை அசைக்காமல் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் கம்பியை விட்டு விலகியிருக்கும். ஐந்தாறு நிமிடத்தில் அடுத்த கம்பியை நெருங்கிவிடும். மணிக்குப் பதினைந்து பாகை என்று பாடப்புத்தகத்தில் படித்த பூமிச் சுழற்சி இவ்வளவு வேகமா என்று பெரியவர்களுக்கே தூக்கிவாரிப்போடும். மறுநாள் அதே நட்சத்திரம் அதே கம்பிக்கு நான்கு நிமிடம் முன்னதாக வரும். மாதக் கணக்கில் அது இரண்டு மணி நேரம். மாசியில் இரவு எட்டு மணிக்கு உச்சியில் இருந்த திருவாதிரை, பங்குனியில் வெளிச்சம் அடங்கும்போதே மேற்கே சாய்ந்திருக்கும். வானம் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள வளவை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. வேறெதற்கும் அது போதாது என்பதும் உண்மை.

மொட்டை மாடி அன்றாடத்துக்கு ஏற்றது. செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலும் முகப்பை ஒட்டிய பகுதிக்கு மேல்தான் தளம் இருக்கும், பின்கட்டெல்லாம் ஓடு. முகப்பு தெருவைப் பார்த்திருப்பதால் தெருவிளக்கும் அங்கேதான் அடிக்கிறது. இதற்கு எளிய பரிகாரம் கைப்பிடிச் சுவரின் நிழலில் உட்கார்ந்துகொள்வது. விளக்கு மறைந்தால் போதும். இருபது, முப்பது நிமிடத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். அந்த அரை மணி நேரத்தில் ஒரே ஒரு முறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டால் படம் பார்க்கவும் படி இறங்கவும் உதவும்.

ஊருணிக் கரைக்குப் போவது தெற்கு வானத்துக்காக மட்டும். வைகாசித் தொடக்கத்தில் இரவு ஒன்பது, ஒன்பதரை மணிக்குத் தெற்குச் சிலுவை நேர் தெற்கில் நிற்கும்போது நடுவில் வீடோ மரமோ இருக்கக் கூடாது. நீர்ப்பரப்புக்கு வடகரையில் நின்று தெற்கே பார்த்தால் வெட்டவெளி. தனியாகப் போகாதீர்கள். கட்டுவிரியன் நடமாடும் நேரம் அதுதான். காலில் மூடிய செருப்பும் கையில் நல்ல டார்ச்சும் இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போவது சரியில்லை.

இனிக் கருவி. முதல் ஆண்டுக்கு என் ஆலோசனை: எதுவும் வாங்க வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும்.

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலண்டர் தாளில் ‘இன்று ரோகிணி’ என்று இருந்தால், நிலா அன்று ரோகிணியின் பகுதியில் இருக்கிறது என்று பொருள். நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற 27.3 நாள் ஆகிறது. ஒரு நாளைக்குச் சுமார் பதின்மூன்று பாகை. அதனால்தான் நட்சத்திரங்கள் இருபத்தேழு. சில நட்சத்திரங்கள் நிலாவின் பாதையிலிருந்து தள்ளியே இருக்கின்றன: சுவாதியும் திருவோணமும் முப்பது பாகை அளவுக்கு வடக்கே. அவற்றை வைத்துத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய ஐந்து நாட்களையும் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்தும் பாதையை ஒட்டியே இருப்பவை. சில சமயம் நிலா அவற்றை மறைத்துக்கொண்டே கடந்துபோகும். திருக்கார்த்திகை, மாசி மகம், சித்ரா பௌர்ணமி எல்லாமே முழுநிலா எந்த நட்சத்திரத்தோடு நிற்கிறது என்பதைச் சொல்லும் நாட்கள்தாம்.

நகரத்தார் வீடுகளில் இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணிப் பிள்ளையார் நோன்பு வருகிறது. அன்று சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பௌர்ணமியிலிருந்து அமாவாசைக்குப் பதினைந்து, அங்கிருந்து ஆறு: வளர்பிறைச் சஷ்டி. கார்த்திகை மூன்றாவது நட்சத்திரம், அதிலிருந்து 21 தள்ளினால் இருபத்து நான்கு: சதயம். அந்த நோன்பின் சடங்கான, மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியை — இழையை — எடுத்துக்கொண்ட கையோடு மாடிக்கு ஏறினால் அந்தப் பிறை தென்மேற்கில் நிற்கும். அந்த நோன்பை ஆண்டு தவறாமல் கும்பிடுகிற வீட்டில்கூட யாரும் வெளியே வந்து பிறையைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. அருந்ததியின் கதையும் அதுதான். பகல் முகூர்த்தத்தில் ஐயர் கைகாட்டும் திசையில் எல்லோரும் தலையாட்டிவிட்டு வருகிறோம். உண்மையில் பார்க்க வேண்டுமென்றால் சித்திரை, வைகாசி இரவுகளில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில், நடுவில் இருக்கும் வசிட்டருக்குப் பக்கத்தில் தேடுங்கள்.

கோள்களுக்கும் காலண்டர் போதும். குருப்பெயர்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை வருவதற்குக் காரணம் வியாழன் பன்னிரண்டு ஆண்டில் ஒரு சுற்று முடிப்பது. சனிக்கு இருபத்தொன்பதரை ஆண்டு. ஆகவே ஒரு ராசிக்கு இரண்டரை. குரு எந்த ராசியில் இருக்கிறார் என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ராசியைக் கண்டுபிடித்தால், சிமிட்டாமல் அங்கே எரியும் பிரகாசமான புள்ளி அவர்தான்.

வெறுங்கண் மற்ற எல்லாக் கருவிகளையும் தோற்கடிக்கும் இடமும் ஒன்று உண்டு: எரிகற்கள். அகலமான வானத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் கருவி அங்கே இடைஞ்சல். டிசம்பர் 14ஆம் தேதியை ஒட்டி வரும் ஜெமினிட் பொழிவு உலகப் புகழ் பெற்றது. நமக்கு அப்போது வடகிழக்குப் பருவமழை. மேகம் விலகினால் அதிர்ஷ்டம். நம் அட்சரேகைக்கு வாய்ப்பானது மே 5, 6 தேதிகளின் அதிகாலையில் வரும் ஈட்டா அக்குவாரிட் பொழிவு. ஹேலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசி அது. வடக்கே போகப் போக மங்கிவிடும் அந்தப் பொழிவு நமக்கு நன்றாகவே தெரியும். ஆகஸ்டின் பெர்சீட் பற்றி ஆண்டுதோறும் செய்தி வருகிறது. நமக்கு அது வடக்கே தாழ்வாகவே எழும்புவதால் அதற்காகக் கண்விழிக்கச் சொல்ல மாட்டேன்.

ஒரு பருவம் இப்படிப் பார்த்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் பைனாகுலர். என் தங்கைக்கு நான் சொல்லப்போவதும் இதுதான்.

பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். 10×50 என்றால் பத்து மடங்கு பெரிதாக்கும். முன் கண்ணாடி 50 மில்லிமீட்டர். இருட்டில் நம் கண்பாவை ஏழு மில்லிமீட்டர் அளவுக்கு விரியும்; 50 மில்லிமீட்டர் கண்ணாடி அதைப் போல் ஐம்பது மடங்கு வெளிச்சத்தை அள்ளுகிறது. கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறு. பைனாகுலரில் பல டஜன். வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள், சாய்த்து வைத்த கை நடுங்காமல் இருந்தால், ஒரே வரிசையில் ஊசிமுனைகளாகத் தெரியும். பூசம் இருக்கும் இடத்தில் கண்ணுக்கு மங்கலான திட்டு; கண்ணாடியில் சிதறிய நட்சத்திரங்கள். ஆனால் என்னைக் கேட்டால் பைனாகுலர் தன் விலையைத் திருப்பித் தருவது வைகாசியில் ஊருணிக் கரையில்தான். தெற்குச் சிலுவைக்குச் சற்றுக் கிழக்கே, அதற்கும் மேலே, முப்பது பாகைக்கு மேல் உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. வெறுங்கண்ணுக்குத் தெளிவில்லாத ஒரு நட்சத்திரம் போலத் தோன்றும். பைனாகுலரை வைத்ததும் அது புள்ளியாக இருக்க மறுத்துவிடும்: ஓரத்தில் மங்கி நடுவில் செறிந்த உருண்டையான பஞ்சு. ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள், பதினேழாயிரம் ஒளியாண்டு தொலைவில். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் விலையுயர்ந்த தொலைநோக்கி வைத்திருப்பவருக்கும் வீட்டிலிருந்து கிடைக்காத காட்சி இது. விருச்சிகம் எழுந்த பின் அதன் வாலுக்கு மேலே பால்வீதியில் மேய்ந்தால் இப்படி இன்னும் நான்கைந்து கொத்துகள் சிக்கும்.

7×50 வாங்குவதா 10×50 வாங்குவதா என்ற கேள்வி வரும். ஏழு மடங்கு என்றால் கை நடுக்கம் குறைவு, சிறுவர்களுக்கு எளிது. வயது நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கண்பாவை அவ்வளவு விரியாது. 7×50 தரும் வெளிச்சத்தில் ஒரு பங்கு வீணாகும். ஊர் வெளிச்சம் கலந்த வானத்திலும் பத்து மடங்கே கூடுதலாகக் காட்டும். மூன்றாவதாக 8×42 இருக்கிறது. கொஞ்சம் இருட்டு, ஆனால் எடை குறைவு, பகலிலும் பயன்படும். நமக்கு அதில் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை வானம் மூடிக்கிடக்கும் மாதங்களில்தான் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடிச் சரணாலயத்துக்குப் பறவைகள் வந்து இறங்குகின்றன. ஆண்டில் மூன்று மாதம் அலமாரியில் தூங்க வேண்டிய கருவிக்கு அது வேலை தருகிறது. சிறுவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் 8×42ஐயே சொல்வேன். வானத்துக்கு மட்டும் என்றால் 10×50. ஓரளவு நல்லதாக வாங்கச் சுமார் ஆறாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் ஆகும்.

உச்சியைப் பார்க்கக் கழுத்து வலிக்கும் என்பது நம் அட்சரேகையில் உண்மையான சிக்கல். அதற்கு மருந்தும் நம் வீட்டிலேயே இருக்கிறது: தாத்தாவின் சாய்வு நாற்காலி. கை நீண்ட அந்தத் தேக்கு நாற்காலியில் சாய்ந்து இரண்டு முழங்கையையும் கைகளில் ஊன்றிக்கொண்டால், முக்காலித் தாங்கி வாங்கும் செலவு மிச்சம். எந்தக் கண்ணாடியாலும் சூரியனைப் பார்க்கக் கூடாது; அந்திச் சூரியனையும் கூடத்தான். நொடியில் பார்வை போகும். பகலில் பைனாகுலரைப் பெரியவர்கள் பொறுப்பில் வைத்திருங்கள்.

தொலைநோக்கி காட்டுவதைப் பைனாகுலர் ஒருநாளும் காட்டாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சனியின் வளையம், வியாழனின் பட்டைகள், ஏழாம் எட்டாம் பிறையில் நிழல் விழும் எல்லையில் நிலாவின் பள்ளங்கள், வசிட்டரே இரண்டாகப் பிரிவது: இவற்றுக்குக் குறைந்தது முப்பது, நாற்பது மடங்கு வேண்டும். சனிக்காக அவசரப்படுபவர்களுக்கு ஒரு செய்தி: 2025 மார்ச்சில் வளையம் விளிம்பு திரும்பி நமக்குக் கோடாகிப் போனது, 2032 வாக்கில் நன்றாக விரிந்திருக்கும். காத்திருப்பதால் நட்டமில்லை.

இப்போது அந்த 525. ஒரு தொலைநோக்கியில் பயன்தரும் உச்ச அளவு, அதன் முன் கண்ணாடியின் மில்லிமீட்டர் அளவைப் போல் இரண்டு மடங்கு. 70 மில்லிமீட்டர் குழாய்க்கு 140. அதற்கு மேல் போனால் தெரிவது பெரிய கலங்கல். பெட்டியின் மேல் மடங்கை முதலில் போட்டு, கண்ணாடி விட்டத்தைச் சிறிய எழுத்தில் போட்டிருந்தால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடலாம்.

அடுத்தது தாங்கி, நம் ஊருக்குத் தனிக் கவனம் வேண்டிய விஷயம். இருபதாயிரம் ரூபாய் வட்டத்தில் 114, 130 மில்லிமீட்டர் தொலைநோக்கிகள் பல, துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் தாங்கியோடு வருகின்றன. அதன் அச்சை ஊரின் அட்சரேகைக்குச் சாய்க்க வேண்டும். நமக்குப் பத்து பாகை, ஏறக்குறைய படுத்த நிலை. மலிவான தாங்கிகள் பல அவ்வளவு தாழ இறங்குவதில்லை. திருகைக் கழற்றி இறக்கினாலும், நண்பர் ஒருவர் வீட்டில் நான் பார்த்தது போல, எடைக்கட்டி சுற்றி வந்து தாங்கியின் காலிலேயே ‘டங்’ என்று இடிக்கிறது. சரிசெய்யத் துருவ நட்சத்திரத்தைத் தேடினால் அது புளியமரத்துக்குப் பின்னால். அந்தக் கருவி இப்போது அவர் வீட்டு இரண்டாங்கட்டில் துணி போர்த்தி நிற்கிறது.

ஆகவே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் டாப்சோனியன். மரப்பெட்டி மேல் மேலும் கீழும் இடமும் வலமும் திரும்பும் சாதாரண அமைப்பு. அச்சு, எடைக்கட்டி எதுவும் இல்லை. நேர் உச்சிக்குத் திருப்பும்போது மட்டும் முரண்டு பிடிக்கும். உச்சியைத் தாண்டும் வரை பொறுத்திருந்தால் தீர்ந்தது. ஆறு அங்குலக் கண்ணாடி என்றால் மொத்தம் பதினைந்து கிலோவுக்கு மேல். நம் மாடிப்படிகளின் குறுகலையும் செங்குத்தையும் நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஸ்டூலின் மேல் வைத்துப் பயன்படுத்தும் ஐந்து அங்குல டாப்சோனியன் ஒருவர் தூக்கும் எடைதான். மாடித் தளமும் ஓடும் பகல் முழுக்கக் குடித்த வெயிலை முன்னிரவில் கக்குவதால் ஒன்பது மணிக்கு முன் கோள்கள் கொதிக்கும் நீரில் கிடப்பதுபோல் நெளியும். பைனாகுலருக்கு இந்தத் தொல்லை கிடையாது. தொலைநோக்கிக்காரர் பத்து மணிக்குப் பிறகே ஏற வேண்டும். பள்ளி நாளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஆகிற காரியமா? தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் நடத்தும் வான்நோக்கு நிகழ்ச்சிகளில் ஒருமுறை கண் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

தானே திரும்பித் தானே படமெடுக்கும் ஸ்மார்ட் தொலைநோக்கிகள் அரை லட்சத்தைத் தொடுகின்றன. படம் அழகாக வரும். ஆனால் மாடிக்கு ஏறிக் கைப்பேசியைப் பார்ப்பதற்கு மாடிக்கு ஏன் ஏற வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

எதை வாங்கினாலும் தை மாதம் வாங்குங்கள். தை முதல் சித்திரை வரை வானம் நமக்குத் திறந்திருக்கும். தீபாவளித் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வாங்கினால் மழை விடும் வரை பெட்டியில் கிடந்து, ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்தால் தப்பிக்கலாம். பைனாகுலரைக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். தொலைவிலுள்ள கோபுரக் கலசத்தையோ கைப்பேசிக் கோபுர உச்சியையோ ஒரு நிமிடம் விடாமல் பார்க்கும்போது கண் இழுத்தாலோ உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ வேண்டாம். மடங்கை மாற்றிக்கொள்ளும் ‘ஜூம்’ வகை வேண்டாம். முன் கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள். பச்சையும் ஊதாவுமாக மங்கலாக மினுங்கினால் சரி. மாணிக்கக் கல் போலச் சிவப்பாக ஜொலித்தால், கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும், பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.